கரைக்குருவியின் ஒரே வரி

லூன்விக்
14 பிப்ரவரி 1937

என் அருமைத் தம்பி ஹால்வருக்கு,

நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்பதைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். வாராவாரம் யாராவது ஒரு கவிஞரைக் கிழித்துத் தொங்கவிட உனக்கு நேரம் இருக்கிறது; அக்காவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. போகட்டும். காட்டுப்பழ ஜாம் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலைக் கழுவித் திருப்பி அனுப்பு.

மே ஒன்பதாம் தேதி அப்பாவுக்கு எழுபது. மர ஆலைக்காரர்கள் பேண்டு வாத்தியத்தோடு வரப்போகிறார்கள். நீயும் வரவேண்டும். அம்மாவை அடக்கம் செய்து ஒன்பது வருஷமாகிறது; அதன்பின் நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. "பிறந்தநாளுக்கும் சாவுக்கும் ஒரே பாட்டைக் கட்டும் கிராமத்துக் கவிராயர்கள்" என்று அப்போது ஒரு கட்டுரையில் கேலி செய்தாயே, நீ யாரை நினைத்து எழுதினாயோ! ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டிக்கொடுத்த அப்பா, அம்மாவுக்கு இரங்கற்பா கட்டிய மை காயாத நேரம் அது. அதோடு ஊரில் யார் கேட்டாலும் பாட்டுக் கிடையாது என்றுவிட்டார். உன் பேரை எடுத்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார். அந்த நாய்க்குத்தான் நல்ல நடை.

ஆனாலும் நீ எழுதும் பேப்பரை அவர் நிறுத்தவில்லை. அதைப் புரிந்துகொள். அவருக்கு ஒரு கடிதம் போடு.

உன் அக்கா,
ஸிக்னே

*

ஸ்டாக்ஹோம்
21 மார்ச் 1937

அன்புள்ள அக்கா,

பாட்டிலைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை. விரலால் வழித்துத் தின்றுவிட்டேன்.

அப்பாவுக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். 'அன்புள்ள அப்பா' என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. எதுகை இல்லாமல் எழுதினால் இதெல்லாம் ஒரு கடிதமா என்பாரோ என்று பயம். சிரிக்காதே. என் கவிதையும் இப்படித்தான் முடங்கிக் கிடக்கிறது. ஜனங்கள் பேசும் பேச்சில்தான் கவிதை இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறேன். நான் எழுதினால் மட்டும் காலேஜ் வாத்தியார் பேசுவதுபோல் வருகிறது.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். 'கரைக்குருவி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஒருவர் தம் செலவில் புத்தகம் போட்டு அனுப்பியிருந்தார். நேற்றுப் பேப்பரில் அவரை வறுத்தெடுத்துவிட்டேன். சூரியனுக்கு எதுகை அகப்படாமல் நட்டநடுப் பகலில் நிலாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார், மகானுபாவர்! ஆனால் நடுவில் எங்கிருந்தோ ஒரு வரி வந்து விழுந்திருக்கிறது: "ஆத்துக்கு வாய் தெறந்தாச்சு, இனி நாமளும் பேசலாம்." ஆற்றில் பனிக்கட்டி உடைகிற நாளைப் பற்றி. படித்ததும் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன், அக்கா. இந்த ஒரு வரிக்காக என் புத்தகங்கள் அத்தனையும் கொடுத்துவிடலாம் என்றே விமர்சனத்தில் எழுதினேன். அதுவும் உண்மை.

மே மாதம் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி,
ஹால்வர்

*

லூன்விக்
25 மார்ச் 1937

அடப்பாவி,

கரைக்குருவி நம் அப்பாதான்டா.

எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை பேப்பர் வந்ததும் அடுப்படியில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனார். காப்பி ஆறிப்போயும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், சணல் கட்டிய ஒரு புத்தகப் பொதியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். நாய் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டிருக்கிறது.

"என்னப்பா இது?"ன்னு கேட்டேன்.

"குருவிம்மா. பட்டணத்துல சுட்டுட்டாங்க"ன்னார்.

தன் பேரைப் போட்டால் நீ சும்மா புகழ்வாய், அல்லது வாயைத் திறக்கமாட்டாய். யாரென்று தெரியாமல் என்ன சொல்கிறாய் என்று பார்க்க ஆசைப்பட்டாராம். ஒன்பது வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் எழுதியிருக்கிறார், ஹால்வர். உனக்குக் காட்டத்தான் எழுதியிருக்கிறார். நிலா பகலில் வந்தால் உனக்கென்ன போயிற்று?

எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஸிக்னே

*

ஸ்டாக்ஹோம்
29 மார்ச் 1937

அக்கா,

என்னைச் செருப்பால் அடி. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டே வளர்ந்த எனக்கு அவர் கை தெரியாமல் போய்விட்டதே.

பேப்பர் ஆசிரியரிடம் பேசிவிட்டேன். கரைக்குருவியைப் பற்றி மறுபடி எழுதப்போகிறேன். அவசரத்தில் படித்துவிட்டேன், நல்ல புத்தகம் என்று எழுதுகிறேன். என் பேர் கெட்டால் கெட்டுப்போகட்டும். அவரிடம் சொல்லிவிடு. அதற்குப் பிறகாவது நான் வந்தால் கதவைத் திறப்பாரா, கேள்.

ஹால்வர்

*

லூன்விக்
11 ஏப்ரல் 1937

என் கண்ணே,

போன தடவை கோபத்தில் எழுதிவிட்டேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பாவிடம் இன்று காலைதான் சொன்னேன். கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். தட்டை டக்கென்று கீழே வைத்தார்.

"பேப்பர்ல பொய் எழுதிட்டு இந்தப் பக்கம் வரவே வேணாம்னு சொல்லு. நெலா சமாசாரம் அவன் சொன்னது சரிதான். எனக்கே அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

தட்டில் மிச்சமிருந்த காப்பியை உறிஞ்சி முடித்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"அந்த ஒரு வரி நல்லாருக்குன்னானே, அது நான் எழுதுனதே இல்லம்மா. உங்கம்மா சொன்னது. நீங்க ரெண்டு பேரும் பொறக்கவே இல்ல. கல்யாணமான மொத குளிர்காலம், ஏதோ உப்புப் பெறாத சண்டை. பனிக்காலம் முழுக்க ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. ஒருநா விடிகாலைல ஆத்துல பனி வெடிச்சுது. அவ சன்னலத் தெறந்து வச்சிக்கிட்டு, என் பக்கம் திரும்பாமயே அதைச் சொன்னா. சொன்னபடியே எழுதிட்டேன். எதுகை பார்க்க மனசு வரல."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காத மாதிரி மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்தன பக்கத்துல அவளை மட்டும் அடையாளம் கண்டுக்கிட்டான் பாரு. அவ பால் குடிச்ச காதுதான் அது, வேற என்ன."

அவரைச் சிரிக்க வைக்க, "காது பால் குடிக்குமாப்பா?"ன்னு கேட்டேன்.

"இதையும் கிழிச்சு எழுதச் சொல்லு உன் தம்பியை"ன்னார்.

கதவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. உன் பழைய அறையில் அடுப்புப் புகைபோக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்.

ஸிக்னே

*

ஸ்டாக்ஹோம்
16 ஏப்ரல் 1937

அன்புள்ள அப்பா,

மறுவிமர்சனத்தை எழுதவில்லை. நிலாவைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். நேரில் சண்டை போடலாம்.

அம்மா குரல் எனக்கு மறந்துபோயிற்று என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளை இரவு ரயில் ஏறுகிறேன். மே வரை காத்திருக்க என்னால் முடியாது. அங்கே ஆற்றில் பனி இன்னும் உடைந்திருக்காது என்று இங்கே சொல்கிறார்கள். உடையாவிட்டாலும் பேசலாம், அப்பா.

உங்கள் மகன்,
ஹால்வர்