இன்னொருக்கா அழு

என் செல்ல மகனுக்கு,

நேற்று உனக்குப் போன் எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அழுதேன். பயந்திருப்பாய்.

நான் வேலை செய்யும் துபாய் வீட்டில் ஓர் அமெரிக்க டைரக்டர் படம் எடுக்கிறார். முன்பு பெரிய நடிகராம். கடைசிப் படங்கள் ஓடவில்லையாம். இதில் வீட்டுக்காரராக அவரே நடிக்கிறார். வேலைக்காரியாக என்னை நிற்கவைத்தார்.

அழச் சொன்னார், எனக்கு வரவில்லை. கேமரா ஓடும்போதே என் தோளைப் பிடித்து, "யாழ்ப்பாணத்திலயிருந்து போன் வந்தது. உன்ர மகன் செத்துப்போனான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தரையில் விழுந்து கத்தினேன்.

"சும்மா சொன்னனான்" என்று சிரித்தார். "ஆனா என்ர முகத்தில வெளிச்சம் விழேல்லை. இன்னொருக்கா அழு."

பொய் என்று தெரிந்தும் அழுதேன், ராசா. எல்லோரும் கைதட்டினார்கள். படத்தில் வரப்போவது அந்த இரண்டாவது அழுகைதான். அதில் அவர் முகம் நன்றாகத் தெரிகிறதாம்.

உன் அம்மா