வாரம் இரண்டே விமானம்

14-2-1960, ஞாயிறு

சாயங்கால ரயிலில் அவர் மதுரைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். தலையணையில் எண்ணெய்க் கறை, கொடியில் ஈர வேட்டி. வீட்டில் ஓர் ஆண் இருந்ததற்கு அவ்வளவுதான் அடையாளம்.

கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. சனிக்கிழமை பொழுது சாய வருகிறார். ஞாயிறு கோயில், சாப்பாடு, ஒரு தூக்கம், பிறகு ரயில். மதுரை விமான நிலையத்தில் பயணிகளையும் பெட்டிகளையும் எடை போட்டு, யாரை முன்னால் உட்கார வைப்பது, எதைப் பின்னால் ஏற்றுவது என்று கணக்குப் போடுவது அவர் வேலை. எனக்கு இங்கே தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. அதை விடமாட்டேன் என்று கல்யாணம் பேசும்போதே சொன்னேன். முப்பது தாண்டின பிறகும் இவளுக்கு நிபந்தனையா என்று மாமா பல்லைக் கடித்தார். இவர் மட்டும், "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன்.

ஆனால் இன்னமும் விருந்தாளி மாதிரி, "புஷ்பம், கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டா?" என்று கேட்கிறார். சொந்த வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா?

எதிர்வீட்டு சைதூன் பீவி வாசலில் நின்று, "சனிக்கிழமை மாப்ள போயாச்சா டீச்சர்?" என்றாள். சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினதும் சிரிப்பு நின்றுவிட்டது.

6-3-1960, ஞாயிறு

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திருவனந்தபுரம் போகிற சின்ன விமானத்தை ஏற்கனவே நிறுத்திவிட்டார்கள். தினமும் வந்துபோன மெட்ராஸ் விமானமும் ஏப்ரலிலிருந்து திங்களும் புதனும்தானாம். "ஏற ஆளில்ல. நேத்து எட்டு பேரு. அதுல ரெண்டு பேரு கைப்பிள்ளைக."

அவர் முகம் செத்துப்போயிருந்தது. நான் குழம்பு ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். புதன்கிழமை விமானம் போய்விட்டால் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு — எல்லாம் இங்கேதான்!

அவருக்குக் கஷ்டம், எனக்குச் சந்தோஷம். என்ன பெண் நான்?

7-4-1960, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு. திருடனோ என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். அவர்தான்; மத்தியானமே வந்துவிட்டாராம்.

16-4-1960, சனி

சண்டை. முதல் சண்டை.

கடைக்குப் போய் வருவதற்குள் அடுப்பங்கரையை முழுக்க மாற்றி வைத்துவிட்டார். அரிசி டின் கீழே, பருப்பு அதற்கு மேலே, உப்பு ஜாடி எங்கேயோ. "பாரம் கீழ இருந்தாத்தான் அலமாரி ஆடாது புஷ்பம்" என்கிறார், பெருமையாக. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்! "இது ஒங்க ஏரோப்ளேன் இல்ல! என் அடுப்பங்கர! பத்து வருசமா கண்ண மூடிட்டு உப்பு எடுக்கேன். ஒங்கள யாரு கேட்டா?" என்று கத்தினேன். சைதூன் பீவி வீட்டு ஜன்னல் திறந்து மூடிய சத்தம் எனக்கே கேட்டது.

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ரயிலுக்குத்தான் போகிறாரோ? போகட்டும். போகட்டும் என்று சொல்லிக்கொண்டே படுத்து அழுதேன், அழுதபடியே தூங்கிப்போனேன்.

எழுந்து பார்த்தால் அடுப்பங்கரையில் எல்லாம் பழைய இடத்தில் இருக்கிறது. வாய் உடைந்த டப்பாகூட, உடைந்த பக்கம் சுவரைப் பார்த்து, நான் வைக்கிறபடியே. அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"வெங்காயம்" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன்.

5-5-1960

தண்ணீர் கேட்காமலே எடுத்துக் குடித்தார். ஆஹா.

25-6-1960, சனி

விடியற்காலை முதல் பஸ்ஸில் குற்றாலம் போனோம். சாரல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. இவ்வளவு அதிகாலையிலும் ஐந்தருவிக்குப் போகிற பாதையெல்லாம் தலைகள்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அருவி என்றால் பயம். ஆண்கள் பக்கம் போகாமல் கல் ஓரமாக நின்றுவிட்டார். எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவன், "வாங்க அண்ணாச்சி, தண்ணி கடிக்காது" என்று சிரித்தான். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அதே இடத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்து ஓடைப் பக்கம், தண்ணீர் இடுப்பளவு தேங்குகிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு ஈரத் தலையோடு மரத்தடியில் சுக்குக் காப்பி குடித்தோம். "விமானத்துல மட்டும் பயம் இல்லையாக்கும்?" என்று கேட்டேன்.

"நான் ஏறினதே இல்லையே புஷ்பம்."

"பதினாலு வருசமா வேல பாக்கீங்க!"

"நான் அனுப்புதவன். போறவன் இல்ல."

தம்ளரைக் கையில் உருட்டினார். பிறகு தானாகவே சொன்னார். பாரம் ஒரு பக்கம் கூடிவிட்டால் விமானம் மேலே எழும்பும்போது சாய்ந்துவிடுமாம். கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்பவர் இவர். மெட்ராஸ் போகிற வழியில் விமானம் திருச்சியில் இறங்கிவிட்டது என்று ரேடியோ அறையிலிருந்து சேதி வருகிற வரைக்கும் சாப்பிட மாட்டாராம். "அதுவரைக்கும் அவங்க எல்லாரும் என் கையிலதான இருக்காங்க?"

ஒன்றேகால் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்குச் சோறு போட்டேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. நேரமில்லை என்று நினைத்திருந்தோம். நேரம் மட்டும்தான் காரணமா?

4-8-1960, வியாழன்

நேற்று ராத்திரி வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பவுண்டு கூடியிருக்க." வாசலில் நிற்கிற யாரையும் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவார்; சைதூன் பீவி அதற்குப் பயந்தே அவர் முன்னால் வருவதில்லை. "மாங்காயா தின்னுட்டு இருந்தா கூடாம?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது.

இன்று டாக்டரம்மாவிடம் போய் வந்தேன். உண்மைதான்.

அவர் என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். நான் தடுக்கி விழக்கூடாதாம்.

1-9-1960, வியாழன்

அக்டோபரிலிருந்து அந்த இரண்டு விமானமும் இல்லை. மதுரையை மூடுகிறார்கள். அவரைக் கல்கத்தாவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இதைச் சொன்ன கையோடு, "நீ பயப்படாத, நான் போகல" என்றார். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அதிகாரியிடம் வாயால் சொல்லிவிட்டாராம். எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மானேஜர் வேண்டுமாம், அங்கும் பேசியாகிவிட்டது. எல்லாம் என்னைக் கேட்காமல்.

தினமும் வீட்டுக்கு வருவார். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பார். நான் கேட்டு ஜெபித்தது இதைத்தானே? பிறகு ஏன் மனசு ஒப்பவில்லை?

18-9-1960, ஞாயிறு

கோயிலிலிருந்து வரும்போது மேகத்துக்கு மேலே எங்கோ ஒரு விமானச் சத்தம். நடு ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் முழுக்க அடங்கின பிறகுதான் நடந்தார். மாட்டு வண்டிக்காரன் திட்டினது அவர் காதில் விழவே இல்லை.

29-9-1960, வியாழன்

நேற்று கடைசி விமானம். லீவு போட்டுவிட்டு நானும் மதுரைக்குப் போனேன். அவர் வேண்டாம் என்றார். கேட்கவில்லை.

அங்கே இருந்த மனுஷரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. தராசில் ஏற வெட்கப்பட்ட ஓர் அம்மாளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முள்ளை மட்டும் பார்த்து எழுதினார். வாந்தி வருமே என்று பயந்த ஒருவருக்கு எந்த இருக்கையில் ஆட்டம் குறைவு என்று சொன்னார். குரலில் தயக்கம் இல்லை, விருந்தாளித்தனம் இல்லை. எல்லாரும் அவர் சொன்னபடி நகர்ந்தார்கள்.

விமானம் ஓடி, எழும்பி, சின்னதாகி, இல்லாமல் போயிற்று. மற்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தர் அழுதார். இவர் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிடவில்லை. கடைசியில் ரேடியோ அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "பிச்சைமணி அண்ணாச்சி! திருச்சில எறங்கிட்டு!" என்று கத்தினார்.

ஒரு பெருமூச்சு. "சரி. போவோமா புஷ்பம்?"

ரயில் ராஜபாளையம் தாண்டியது. நான்தான் கேட்டேன். "லாட்ஜுல என்ன வேல?"

"வாறவங்களுக்கு ரூம் குடுக்கணும். பாய் தலகாணி எண்ணி வைக்கணும். சீசன் முடிஞ்சா சும்மா இருக்கலாம்."

"கல்கத்தாவுல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அங்கன ஒரு நாளைக்கு நாப்பது விமானமாம்" என்றார். சின்னப் பையன் திருவிழாவைப் பற்றிச் சொல்வது மாதிரி. அந்தக் குரலைக் கேட்டதும் அன்று என் மனசு ஏன் ஒப்பவில்லை என்று புரிந்துவிட்டது.

"எழுதிக் குடுக்காதீங்க" என்றேன்.

"என்ன சொல்லுத?"

"நீங்க பாய் எண்ணிட்டு இருக்கத என்னால பாக்க முடியாது. கல்கத்தாவுக்குப் போங்க."

"ஒன்ன இப்படி விட்டுட்டா?"

"யாரு விட்டுட்டுப் போகச் சொன்னா? முன்னால போயி வீடு பாருங்க. பிள்ளையத் தூக்கிட்டு நான் வருதேன்."

"ஒன் வேல? அத விட மாட்டேன்னுதான கல்யாணமே —"

"ஏன், கல்கத்தாவுல ரெண்டும் ரெண்டும் அஞ்சா? அங்கனயும் கணக்கு டீச்சர் வேணும்லா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த வாசுதேவநல்லூர்க்காரர் அவருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்து எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தார்.

5-10-1960, புதன்

போய்விட்டார். ராத்திரி ரயில் கூவும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

12-3-1961, ஞாயிறு

பெண். ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று நர்ஸ் தராசைப் பார்த்துச் சொன்னாள். அவராக இருந்தால் கையில் வாங்கிச் சொல்லியிருப்பார். சைதூன் பீவிதான் இரண்டு நாளாக வீட்டுக்கே போகாமல் என் தலைமாட்டில் இருக்கிறாள்.

16-4-1961, ஞாயிறு

ஒரு வார லீவில் வந்திருக்கிறார். வந்ததும் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். "தூக்குங்களேன்" என்றேன். "கழுத்து நிக்கலியே" என்று பின்வாங்குகிறார்.

28-4-1961, வெள்ளி

வேலையை ராஜினாமா செய்தேன். பதினோரு வருஷம். தலைமையாசிரியை பார்வதியம்மாள், "யோசிச்சுதான செய்யுத?" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் என் வகுப்புக் கரும்பலகையில் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானேதான் சொன்னேன். இருந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

3-6-1961, சனி

நாளை ரயில். பாத்திரமெல்லாம் கட்டியாயிற்று. சைதூன் பீவி காலையிலிருந்து என்னிடம் கோபமாகவே பேசுகிறாள். அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

3-7-1961, திங்கள். கல்கத்தா

இங்கே தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நாள். ஏழாம் வகுப்பு, பின்னங்கள். சத்தமாகப் பேசுகிறேன் என்று ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி, "உங்க ஊர் எது டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை.

நாள் முழுக்க நெஞ்சில் பால் கட்டி வலித்தது. கைப்பிள்ளையை, லீவு போட்டிருக்கிற அவரிடம் விட்டு வந்திருக்கிறோமே, என்ன பாடுபடுகிறாரோ, என்ன பாடுபடுத்துகிறாளோ என்று பாதி மனசு வீட்டிலேயே.

மணி அடித்ததும் ஓடி வந்தேன். மழை. ஆயாக்களுக்கும் ரிக்‌ஷாக்காரர்களுக்கும் நடுவில், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்கடியில் அவர். சட்டையெல்லாம் பால் கறை. தோளில் அவள், வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

"ரொம்ப அழுதாளா?" என்றேன்.

"அவ ரெண்டு தடவ. நான் ஒரு தடவ" என்றார்.