சிவப்புக் கோடு, நீலக் கோடு

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்றுப் பெய்த பனியை வாசற்படியிலிருந்து வழித்துத் தள்ளுவதிலேயே காலை கழிந்தது. இடுப்பு என் வயதை எடுத்துச் சொல்லிற்று: எழுபத்தாறு. அமிதாப புத்தரின் திருநாமத்தைச் சொல்லி நூற்றெட்டு மணிகளை உருட்டுகையில் எண்ணிக்கை தவறி, இரண்டு முறை முதல் மணிக்கே திரும்பினேன்.

மதியம் ஒரு தொலைபேசி. பழைய தொலைக்காட்சித் தொடர்களைச் சீர்செய்து வட்டுகளாக வெளியிடும் சிறு நிறுவனமொன்றின் தயாரிப்பாளர், மினெகிஷி காஹோ என்னும் பெண். எங்கள் ‘விளக்குக் கப்பல்’ இருபத்தாறு பகுதிகளும் மீண்டும் வரப்போகின்றனவாம்.

“அம்மா, தோவா நீங்கதானா? நெஜமாவே நீங்கதானா? ஒரே ஒரு தடவ ‘விளக்கேத்து!’னு சொல்லுங்களேன்.”

“தொண்டையில பனிக்கட்டி அடச்சிருக்கும்மா.”

“பரவால்ல, பனிக்கட்டியோடவே சொல்லுங்க.”

சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. ஏழு வயதில் பார்த்தவளாம்.

முதலில் அது வீடியோ விளையாட்டாகத்தான் இருந்தது. தோவா என்னும் சிறுவனும் நாகி என்னும் பேசும் விண்கப்பலும் இருண்டுபோன கோள்களில் ஒவ்வொன்றாக விளக்கேற்றிச் செல்ல வேண்டும். விளையாட்டு விற்ற வேகத்தைக் கண்டு கார்ட்டூன் தொடராக்கினார்கள். சிறுவனுக்கு என் குரல். கப்பலுக்கு ஒரியேயின் குரல். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது, முதல் பெரிய வேடம்.

ஏப்ரல் எட்டாம் தேதி நாங்கள் இருவரும் சேர்ந்தமர்ந்து, கடைசிப் பகுதியைப் பார்த்தவாறே நினைவுகளைப் பேச வேண்டுமாம். அதைப் பதிவுசெய்து வட்டில் சேர்ப்பார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 7, புதன்

ஒரியே. இருபத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பெயரை இக்குறிப்பேடுகளில் நான் எழுதியதில்லை. ஐந்தடிப் பாட்டொன்றுக்கு அமர்ந்தேன்.

ஈரப் பனியில்
எவர் சுவடும் இல்லையென
எழுத முனைந்தேன்;
கதவுவரை சென்று
திரும்பிய என் காலடி.

கடைசி இரண்டு அடிகளை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

பிப்ரவரி 15, வியாழன்

சாக்கிய முனிவர் பரிநிர்வாணம் எய்திய நாள். மாலை வழிபாட்டுக்குப் பின் நாளுக்கு இரண்டு பகுதிகள் என்று பார்த்து வருகிறேன். காஹோ அனுப்பிய வட்டு. பக்கத்து வீட்டு மருமகள் வந்து இயக்கிக் காட்டினாள்.

பணப்பற்றாக்குறை ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. ஒன்பதாம் பகுதியில் தோவாவின் இடக்கையில் ஆறு விரல்கள். ஒரே விண்மீன் கூட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வேறு வானம் என்கிறார்கள். ஆயினும் பன்னிரண்டாம் கோளில் விளக்கு எரிந்து, மக்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரும் இடத்தில் நான் கைகூப்பிவிட்டேன். அளவற்ற ஒளியைப் பற்றி நாள்தோறும் ஓதுகிறவளுக்கு, அந்த ஒளி ஒரு சிறுவர் விளையாட்டின் வழியே வரக்கூடாது என்று ஏதேனும் விதி உண்டா?

என் குரல் பத்து வயதிலேயே நின்றுகொண்டிருக்கிறது. எனக்கு வயதானது அதற்குத் தெரியாது.

பிப்ரவரி 24, சனி

கடைசிப் பகுதியைப் பார்த்தேன். எழுதத்தான் வேண்டும்.

முப்பத்தொன்பது பகுதிகளாகத் திட்டமிட்ட தொடரை, பார்ப்பவர் குறைந்ததால் இருபத்தாறில் முடிக்கச் சொன்னார்கள். கடைசிப் பகுதிக்குக் குரல் பதிவுசெய்யும் நாளில் படம் வரையப்படவே இல்லை. அத்தகைய நாட்களில் எங்களுக்குத் திரையில் காட்டுவது வெறும் வெண்மை. அதன்மீது நிறக் கோடுகள். சிவப்புக் கோடு தோன்றினால் தோவாவின் முகம் வரப்போகிறது, நான் பேச வேண்டும். நீலக் கோடு தோன்றினால் நாகி, ஒரியே பேச வேண்டும். கோடு மறையும்போது வாய் மூட வேண்டும். பின்னர் அந்த இடங்களில், காட்சிகளை வரிசையாகக் கோட்டோவியமாக்கிய ஸ்டோரிபோர்டைப் பார்த்துப் படத்தை வரைந்து பொருத்துவார்கள். ‘வசனத்தாளைவிடக் கோட்டை நம்பு’ என்றே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

பிரியும் காட்சி. கப்பல் கடைசிக் கோளில் தானே விளக்காக நின்றுவிடுகிறது. சிறுவன் “என்னை விட்டுப் போகாதே” என்று கெஞ்ச, கப்பல் “விளக்கு அணையாது, நீ போ” என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் நீலம் முதலில் வந்தது, சிவப்பு பின்னால் வந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் நிறங்களை மாற்றித் தீட்டியிருந்தார்கள். முந்தைய நாள் இயக்குநர் எனக்கு ஸ்டோரிபோர்டைக் காட்டியிருந்தார்; அதில் சிறுவனின் முகமே முதலில் இருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்தது. அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்.

நான் கையை உயர்த்தவில்லை. அடுத்த குழுவினர் வாசலில் காத்திருந்தார்கள். ஒலி இயக்குநர் அன்று மூவரைக் கடிந்திருந்தார். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன் — பெரியவள் நானேதான், அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது!

ஒரியே கற்றுக்கொடுத்தபடி கோட்டை நம்பிப் பேசினாள். மறுபதிவுக்கு நேரமின்றி அப்படியே போன ஒளிபரப்பில் சிறுவனின் முகத்திலிருந்து கப்பலின் குரலும், கப்பலின் விளக்கிலிருந்து சிறுவனின் குரலும் வந்தன. நிறைவு விருந்தில் ஒலி இயக்குநர் எல்லோர் முன்பும் அவளிடம், “அவசரப்பட்டுக் குறுக்க விழுந்து கெடுத்துட்டியே” என்றார். அவள் ஒவ்வொருவர் முன்பும் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு எந்த ஒலிக்கூடத்திலும் அவளை நான் பார்க்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லையே. இத்தனை ஆண்டுகள் இந்த ஒரு வாக்கியத்தின் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்!

மார்ச் 2, சனி

காஹோ கணினியோடு வந்தாள். அந்த இரு வசனங்களையும் இடம் மாற்றி வைப்பது இப்போது அரை மணி நேர வேலையாம்.

“ஆனா மனசே வரலம்மா. அந்தக் கப்பல் வெளில ‘போ போ’ங்குது, உள்ளுக்குள்ள ‘போகாதே’ன்னு பையனோட கொரல்ல அழுவுது. பையன் என்னடான்னா கப்பலுக்காக அதோட வார்த்தைய அவன் சொல்றான். ஒருத்தர் மனச ஒருத்தர் பேசறாங்க! எங்க வகுப்புல மொத்தப் பிள்ளைங்களும் அழுதோம். அது யாரோட ஐடியாம்மா?”

“ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

இன்று அதுவும் ஆயிற்று. பொய்.

ஒரியே நுமாஸு துறைமுகத்தில் கணவர் குடும்பத்தின் கருவாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாளாம். வர மறுத்துவிட்டாள். ‘அந்தத் தப்பப் பண்ணினவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து ஒக்காருவேன்’ என்று காஹோவிடம் சொன்னாளாம்.

இன்னமும் தன் பிழை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 9, சனி

கோயிலின் இளைய குருவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்திரண்டு வயது, சிறுவயதில் அந்த விளையாட்டே கதி என்று கிடந்தவராம்.

“ஏழாவது கோளத் தாண்டினதே இல்லம்மா நான். அப்பா கன்ட்ரோலரப் புடுங்கி கோயில் மணிக்கூண்டுல ஒளிச்சு வெச்சுட்டார்.” பிறகு அவர் முகம் மாறிற்று. “எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. நான் கேட்டுக்கிட்டேன். ஆனா என் வேலை அதோட முடிஞ்சு போச்சு பாருங்க, உங்க வேலை அப்படியே இருக்கே.”

“புத்தர் முன்னாடி எத்தனையோ தடவை சொல்லிட்டேனே.”

“அவருக்குத்தான் முன்னமே தெரியுமே! தெரியாதவங்க நுமாஸுல இருக்காங்க.”

திரும்புகையில் எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால்.

மார்ச் 21, வியாழன்

நேற்று சம இரவு நாள். கல்லறைக்குச் சென்று கணவருக்கு நீர் வார்த்துவிட்டு வந்தேன். இன்று நுமாஸு. கடற்காற்று பலமாக வீசியது.

மூன்று கடைகள் தள்ளி வரும்போதே குரல் கேட்டது. “வாங்கம்மா வாங்க! பாரை மீனு, ஒரு நாள் காஞ்சது! கண்ணப் பாருங்க, இன்னும் கடலத்தான் தேடுது!” அடிவயிற்றிலிருந்து எழும் தெளிந்த குரல். நாகி கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். “காலை வணக்கம்.” அப்போது பிற்பகல் மூன்று மணி. எங்கள் தொழிலில் எந்நேரம் சந்தித்தாலும் அதுதான் வணக்கம். அவள் மறக்கவில்லை.

“என்னக்கா, டோக்கியோல மீனே கெடைக்கலையா?”

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்.”

“மொதல்ல வாங்குங்க, அப்புறம் சொல்லுங்க. கதைய மட்டும் சொல்லிட்டுப் போறவங்கதான் இங்க ஜாஸ்தி.”

நான்கு மீன் கேட்டேன். அவள் பொதிந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன். அன்னிக்கு நீ தப்பே பண்ணல. கோட்டு நிறம்தான் மாறியிருந்துச்சு. எனக்குத் தெரியும்.

அவள் கைகள் நின்றன. “எப்பலேருந்து தெரியும்?”

“ஒத்திகையிலேருந்து.”

“பதிவுக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“விருந்துல ஒவ்வொருத்தர் முன்னாடியும் குனிஞ்சேன். உங்க முன்னாடியும் குனிஞ்சேன்ல?”

“குனிஞ்ச.”

“என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. “ ‘பரவால்ல’ன்னு சொன்னேன்.”

அவள் பொட்டலத்தைக் கட்டி முடித்து என்னிடம் நீட்டினாள். “முடிச்சு கோணிக்கிச்சு. பரவால்ல” என்றாள். என் பின்னால் நின்றவரிடம் திரும்பி, “வாங்கம்மா வாங்க” என்று கூவத் தொடங்கினாள்.

மார்ச் 22, வெள்ளி

மீனைச் சுட்டேன். ஒன்றைக்கூட முழுதாக உண்ண முடியவில்லை.

மார்ச் 30, சனி

காலை எட்டு மணிக்கு ஒரியே அழைத்தாள்.

“அக்கா, எனக்குக் கோவம் தீரல.”

“தீர வேண்டாம்.”

“அத நீங்க சொல்லாதீங்க! தீரணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்.” யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். “அந்த காஹோ பொண்ணு தெனமும் போன் பண்ணி உயிர எடுக்கறா. நான் வரேன். ஆனா ஒண்ணு. கடைல மீனுக்கு மத்தியில எங்கிட்ட சொன்னீங்கள்ல? அத மைக் முன்னாடி சொல்லணும். என்னத் திட்டினப்போ ஊரே கேட்டுச்சு. இதையும் ஊரே கேக்கட்டும்.”

“சொல்றேன்.”

“அழக்கூடாது. அழுதீங்கன்னா எல்லாரும் உங்கமேல பாவப்படுவாங்க. எனக்கு அது வேண்டாம்.”

சரி என்றேன். நாள் முழுவதும் ஏதோ ஒரு சாளரம் திறந்து கிடப்பது போன்ற குளிர்ச்சி. அச்சமும் இருந்தது. என் பெயரின்மேல் இன்றுவரை ஒரு கறையும் இல்லை. அதற்கு நான் எவ்வளவு பழகிப்போயிருக்கிறேன்!

ஏப்ரல் 8, திங்கள்

புத்தர் பிறந்த நாள். காலையில் கோயிலுக்குச் சென்று, பூக்குடிலில் நிற்கும் குழந்தைப் புத்தரின்மேல் இனிப்புத் தேநீர் வார்த்தேன். இளைய குரு, “எட்டாவது கோளுக்குப் போறீங்க” என்று மட்டும் சொன்னார்.

ஒலிக்கூடம் ஒகிகுபோ நிலையத்திற்கு அருகில். ஒரியே, மைக்கில் ஒலி விழாதபடி, சலசலக்காத பருத்தியாடை உடுத்தி வந்திருந்தாள். கைவளையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். உடல் எதையும் மறக்கவில்லை.

பிரியும் காட்சி வந்தது. ஆறு வாக்கியங்களில் சொன்னேன். நிறங்கள் மாறியிருந்தன. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. ஒரியே எந்தப் பிழையும் செய்யவில்லை. பழி அவள்மேல் விழுந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. பிழை என்னுடையது. குரல் நடுங்கவில்லை, ஐம்பது ஆண்டுப் பயிற்சியை இதற்காகச் செலவிட்டேன்.

கண்ணாடிக்கு அப்பால் காஹோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் வகுப்பு முழுவதும் அழுத காட்சி, ஒரு தூக்கக் கலக்கமும் ஒரு கோழைத்தனமும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பிறகு அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“அப்போ… வசனத்த எடம் மாத்திடவா?”

நான் ஒரியேயைப் பார்த்தேன். அது நான் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

“தொடாதீங்க” என்றாள் ஒரியே. “அந்தக் கப்பலுக்கு ‘போகாதே’ன்னு சொல்லணும்னு ஆசதான். நடிக்கறப்பவே எனக்குத் தெரியும். வசனந்தான் எனக்குக் குடுக்கல. இவங்க கொரல்ல வந்துடுச்சு. இத்தன பிள்ளைங்க அழுத எடத்துல போய் நாம எதுக்குக் கை வெக்கணும்? படம் அப்படியே இருக்கட்டும். ஆனா இவங்க இப்ப பேசினதுல ஒரு எழுத்துகூட வெட்டக்கூடாது.”

நிலையத்தில் ரயிலுக்காக நின்றோம்.

“மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லலக்கா, கவனிச்சீங்களா?”

“நான் கேக்கவும் இல்லையே.”

“கேட்டாத்தானே சொல்ல முடியும்!”

கேட்டேன். நடைமேடையில், பள்ளிப் பிள்ளைகளின் நடுவே, இடுப்பு அனுமதித்த மட்டும் குனிந்து. ரயில் வந்தது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று ஏறிக்கொண்டாள். சாளரத்தின் வழியே பார்த்தேன். சிரிப்பை அடக்குவதுபோல் இருந்தது. உறுதியாகச் சொல்ல இயலாது.

ஏப்ரல் 9, செவ்வாய்

நூற்றெட்டும் தவறாமல் வந்தன.

மே 18, சனி

வட்டு வெளிவந்துவிட்டது. காஹோ ரசிகர் கடிதங்களின் நகல்களை அனுப்பியிருக்கிறாள். ‘இனி தோவாவைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மௌனம்தான் நினைவுக்கு வரும்’ என்று ஒருவர். நியாயம். ‘நாகியின் குரலை மீண்டும் எங்கே கேட்கலாம்?’ என்று பதினோரு பேர். அந்தப் பதினொன்றையும் உறையிலிட்டு நுமாஸுவுக்கு அனுப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மழை. ஒரியேயின் தொலைபேசி. ஏப்ரலில் எங்களைப் பதிவுசெய்த ஒலிக்கூடத்துப் பொறியாளர் அவளுக்கு ஒரு வேடம் வாங்கித் தந்திருக்கிறார்: குழந்தைகள் தொடரொன்றில் பேசும் தபால் பெட்டி. நான்கே வசனங்கள். வரும் வெள்ளிக்கிழமை பதிவு.

“படிக்கறேன், கேளுங்க. கடைல ஆள் வர்றதுக்குள்ள.”

படித்தாள். முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் மூச்சு தீர்ந்து, கடைசிச் சொல் விழுங்கப்பட்டது.

“மூணாவது சரியில்ல” என்றேன். “கடைசி வார்த்தை கேக்கவே இல்ல.”

மறுமுனையில் தாள் புரளும் ஒலி. மனம் புண்பட்டதோ என்று கலங்கினேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

“பரவால்லியே, இந்தத் தடவ பதிவுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க” என்று ஒரியே சிரித்தாள். பிறகு மூச்சை இழுத்து நிறுத்தி, மூன்றாம் வசனத்தை மறுபடி தொடங்கினாள்.