வயசாகாத கிரகம்

செந்துறை,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மகன் தமிழழகனுக்கு அப்பா அங்கமுத்து எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். பெரம்பலூரில் உன் தங்கச்சி வளர்மதியும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். உன் அம்மாவும் நலம் என்று எழுத வந்தேன், அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள், நினைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இதற்குப் பெயர் நலம் என்றால் அவளும் நலம். நார்வே குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்களுக்கு எப்போதும் உள்ள விசாரம். போனில் பேசாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே பேச எனக்கு வாய் வரவில்லை. நம் தெரு பாலசுந்தரம் மகள் ஆஸ்லோவில் படிக்கிறாள் அல்லவா, லீவுக்கு வந்தவள் திரும்பப் போகிறாள். அவளிடம் இதையும் உடையார்பாளையத்து முந்திரி ஒரு பையும் கொடுத்து அனுப்புகிறேன், அங்கே போய் உனக்குத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது உன் அம்மா உன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, யாரோ பெரியவரு பேசுறாரு, நீங்களே பேசுங்க என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மறுநாள் வளர்மதிக்குப் போன் போட்டு, தை மாசக் கடைசிக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று இருக்கிறேன், என்னை யாரென்றே தெரியாதவள் முன்னால் வந்து நின்று என்ன ஆகப் போகிறது என்றாயாம். தாடியை எடுத்துவிட்டு வந்தால் தெரியுமா என்றும் கேட்டாயாம். அவள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். எட்டு வருஷம் கழித்து வரப்போகிறவன், வேதனையில் சொல்லியிருக்கிறாய், அதனால் உன்னை நான் திட்டப் போவதில்லை. ஆனால் டிக்கெட்டில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிடு.

உன் அம்மாவின் சினிமாப் பைத்தியம் உனக்குத் தெரியாததல்ல. அழுகிற படம் அவளுக்குப் பிடிக்காது, அத வூட்டுலயே பாத்துக்கலாம் என்பாள். ராக்கெட் வேண்டும், வேறு கிரகம் வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் மனிதனை விழுங்குகிற ஜந்துவாவது வேண்டும். கல்யாணமான புதிதில் அரியலூரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கூட்டிப் போனேன். நிலாவிலிருந்து ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு நாலைந்து பேர் இறங்குவார்கள், இறங்கியதும் இறங்காததுமாக ஒரு பாட்டும் பாடுவார்கள். கொட்டகையே சிரித்தது. இவள் மட்டும் சிரிக்காமல், அங்க மழ பெய்யுமா, என்ன வெதைப்பாங்க என்று என்னைக் கேட்டாள். நான் பஸ் கண்டக்டர், செந்துறையில் மழையா அரியலூரில் மழையா என்று கேட்டால் சொல்வேன், நிலாவுக்கு எங்கே போவேன். அன்றிலிருந்து எந்தக் கிரகத்துப் படம் வந்தாலும் அவள் முதலில் பார்ப்பது அங்கே மண் எப்படி இருக்கிறது என்பதைத்தான். செவ்வாய்க் கிரகத்தைக் காட்டிய படத்தில், நம்ம கொல்ல மாதிரியே செவப்பா கெடக்கு, முந்திரி வெக்கலாம் என்று உரக்கவே சொல்லி, முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும்.

அந்த நத்தைப் படமும் மறந்திருக்காது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் தூங்கிக் கிடந்த நத்தை ஒன்று வீட்டளவு பெரிதாக எழுந்து வந்து தன் கோழையால் ஊரைக் கரைக்குமே, அதுதான். நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைக்கிற சுருண்ட நத்தைக் கல் ஒன்றை அப்போது வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். நம் ஊரெல்லாம் கடலாக இருந்த காலத்துப் பிராணி அது என்று உன் வாத்தியார் வேறு சொல்லியிருந்தார். படம் பார்த்து வந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே வைத்தாள். மறுநாள் நல்ல மழை. நனையுதே பாவம் என்று அவளே போய் எடுத்து வந்து முந்தானையால் துடைத்து மறுபடியும் கதவுக்கே வைத்துவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

பயப்படவும் செய்வாள், பார்க்காமலும் இருக்க மாட்டாள், அதுதான் அவள் குணம். அதற்கு நீ ஒரு வழி செய்து வைத்திருந்தாய். பள்ளிக்கூடத்துப் பையன்களோடு முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அம்மாவோடு இரண்டாம் முறை வருவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற ராசாங்கம் தினமும் என் பஸ்ஸில்தான் வருவார். அவளுக்கு இடப்பக்கம் நீ, வலப்பக்கம் நான். டூட்டி முடித்து வந்த அசதியில் பேர் போடும்போதே நான் தூங்கிவிடுவேன். பயங்கரமான இடம் வருகிற நேரம் உனக்குத்தான் தெரியும். அவள் காதருகில், இப்ப கண்ண மூடிக்கம்மா என்பாய். மூடிக்கொள்வாள். அது போனதும், இப்ப தொறக்கலாம் என்பாய். திறப்பாள். நீ சொல்வதற்கு முன்னால் அவள் கண்ணைத் திறந்ததே கிடையாது. உனக்கு மீசை முளைத்து நீ வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை, நடுவில் விழிப்பு வரும்போதெல்லாம் நானும் அதைப் பார்த்துக் கேலி செய்வேன்.

அவளுக்கு மறதி ஆரம்பித்த புதிதில் நான் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு வெள்ளி இல்லை செவ்வாய், அவளுடைய அக்கா இறந்து வெகுநாள் ஆயிற்று, அடுப்பில் உலை வைக்கவே இல்லை என்று. அவள் அழுவாள், நான் கத்துவேன். திருச்சியில் டாக்டர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சண்ட போடாதீங்க ஐயா, அவங்க எங்க இருக்காங்களோ அங்க நீங்க போங்க என்றார். அவரவர் இறங்குகிற இடத்துக்கு டிக்கெட் கொடுத்தே காலம் கழித்தவன் நான், அந்தப் பேச்சு எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் உன் விஷயம் எனக்குப் பிடிபட்டது.

நீ கடைசியாக வந்தது வளர்மதி கல்யாணத்துக்கு. கல்யாணக் களைப்பில் எல்லோரும் படுத்திருக்க, நீயும் அம்மாவும் டிவியில் ஒரு படம் பார்த்தீர்கள். தூரத்து நட்சத்திரத்துக்கு ஒருத்தன் போவான், அங்கே காலம் மெதுவாக ஓடும், அவனுக்கு ஒரு பருவம் கழிவதற்குள் இங்கே ஒரு தலைமுறை போய்விடும். திரும்பி வரும்போது அவன் போனபடியே இளவட்டமாக இருப்பான். பெற்றவள் கிழவியாகக் கதவைத் திறப்பாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியாது, பாட்டி, இங்க குடியிருந்தவங்க எங்க போயிட்டாங்க என்று அவளிடமே கேட்பான். உன் அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அது அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. போன வருஷம் மார்கழியில் நீ வீடியோவில் வந்தாய், இங்கே சாயங்கால வெயில், அங்கே நடுப்பகல் என்றாய். ஆனால் உனக்குப் பின்னால் கும்மிருட்டு. நான் இருக்கிற வடகோடியில் இந்த மாசம் சூரியனே வராதும்மா என்றாய். நீ போட்டிருந்ததோ தலைவரைக்கும் மூடிய தடித்த உடுப்பு, முகம் கொஞ்சம்தான் தெரிந்தது, தாடி தெரியவே இல்லை. நமக்கு அது பனி உடுப்பு. உன் அம்மா படத்தில் பார்த்த உடுப்பு அதுதான், படத்தில் பார்த்த இருட்டும் அதுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அதிலிருந்து காய்காரம்மாவிடமும், பால் ஊற்ற வருகிறவரிடமும், எம் மவன் போயிருக்குற எடத்துல வயசாவாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் காலேஜ் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள். தீபாவளிக்கு அந்த அளவிலேயே உனக்குச் சட்டை எடுக்கச் சொன்னாள், நானும் எடுத்தேன். அப்படி இருக்கிறவளிடம் நரை விழுந்த தாடியோடு வெளிச்சத்தில் ஒரு ஆள் வந்து அம்மா என்றால் அவள் என்ன செய்வாள்? அடுத்த வீட்டு ஆண்பிள்ளைக்குத் தருகிற மரியாதையைத் தந்துவிட்டு உள்ளே போனாள். படத்தில் மகனுக்குத்தான் தாயைத் தெரியாது, நம் வீட்டில் கதை தலைகீழாகிவிட்டது. அழகு, அவள் உன்னை மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. மறந்தவளுக்கு யார் வந்தாலும் ஒன்றுதானே. நீ போன நாளில் இருந்த உன் முகத்தை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் இன்றைய முகம் அவளுக்கு அன்னியமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளர்மதி வீட்டுக்காரர் டிவியில் புதுப் படங்கள் வருகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறார். போன மாசம் ஒரு படம் பார்த்தோம். தனியாக இருக்கிற ஒரு கிழவியை ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ளும், அதற்கு எதுவுமே மறக்காது. கிழவி போய்ச் சேர்ந்த பிறகும் அது விடிந்தால் எழுந்து பால் காய்ச்சி அவள் கட்டிலருகே டம்ளரை வைத்துக்கொண்டே இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அம்மா டிவியைப் பார்த்தபடியே, பாவம், அதுக்கு மறக்கத் தெரியலயே என்றாள். அதைக் கேட்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய் நின்றுவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்தபோது படத்தில் கரண்ட் போய் இருட்டு, அந்த இயந்திரத்தின் கண் மட்டும் சிவப்பாகத் திரும்பியது. உன் அம்மா பக்கத்தில் இருந்த காலி நாற்காலிப் பக்கம் சாய்ந்து, அழகு, மூடிக்கவா என்று கேட்டாள். இடப்பக்கத்து நாற்காலி. நான் வலப்பக்கத்திலிருந்து, மூடிக்க சம்பூர்ணம் என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கு எங்க கத தெரியும், நீங்க தூங்குற ஆளு என்றாள். வாஸ்தவம்தான். அதற்குப் பிறகு அவள் மத்தியானம் படுக்கிற நேரத்தில் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் படத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறேன், இந்த வயதில் எனக்கு எத்தனை ராக்கெட், எத்தனை பேய்க் கிரகம் தெரியும் என்று கேள். சரியான இடத்தில் சொல்லியும் பார்த்துவிட்டேன். கேட்பதில்லை. கண்ணைத் திறந்தபடியே பயந்து நடுங்குகிறாள், என் பேச்சுக்கு மட்டும் மூடுவதில்லை. அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன், சோறு பிசைந்து தருகிறேன், புடவை கட்டிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். இந்த ஒரு வேலை மட்டும் எனக்கு ஆகவில்லை. இது உன்னுடையது.

அதனால் நீ வரத்தான் வேண்டும். திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வருவார். நேரே இங்கே வராதே, பெரம்பலூரில் தங்கச்சி வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்ந்ததும் புறப்படு. வாசலில் நின்று, அம்மா நான்தான் என்று முகத்தைக் காட்டாதே, அது அவளைக் கலங்கடிக்கும், உன்னையும் கலங்கடிக்கும். கதவு திறந்தே இருக்கும், நத்தைக் கல் இருக்கிற இடம் உனக்குத் தெரியும், காலில் இடித்துக்கொள்ளாதே. விளக்கை அணைத்துவிட்டு அந்த நத்தைப் படத்தையே போட்டு வைத்திருப்பேன். மெதுவாக வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொள். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள் என்றால் அவள் மகன் வந்துவிட்டான் என்று அர்த்தம். மூடாமல் போனாலும் போகட்டும், ஒரு படம் முடிகிற வரைக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பது உனக்கு மிச்சம். இன்னும் எத்தனை நாளைக்கு அந்த நாற்காலிப் பக்கம் சாய்ந்து உன் பேரைக் கேட்பாள் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. கொல்லையில் முந்திரி தளிர் விட்டிருக்கிறது. கல்யாணப் பேச்சை நான் இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, தைரியமாக மூச்சு விடு. வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் குலதெய்வம் உனக்கு முன்னும் பின்னும் நின்று உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டு வந்து சேர்க்கட்டும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும், தன் கணக்கில் உனக்கு இன்னும் வயதே கூட்டாத உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். டிக்கெட் பத்திரம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. அங்கமுத்து

பி.கு.: தாடியை எடுக்க வேண்டாம். இருட்டில் தெரியாது.