நாற்பது நாள் நின்ற வண்டி

என் செலின் அக்காவுக்கு,

நீ திட்டப்போகும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வண்டியை எடுத்துவிட்டேன். பசறையிலிருந்து பதுளைக்கும், பதுளையிலிருந்து திரும்பவும் நானே ஓட்டினேன். ஆமாம், நான்தான். தோட்டத்து விளையாட்டு மைதானத்தைச் சுற்றி மூன்று வட்டம் அடித்ததோடு லைசென்ஸை அலுமாரிக்குள் பூட்டி வைத்த அதே ரீட்டா.

எடுக்காமல் இருக்க வழியில்லை. அத்தான் இரண்டு தடவை டயலிசிசுக்குப் போகவில்லை. நீ இருந்தவரை செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும், மழையோ பனியோ, அவரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஸ்கூலுக்கோ மற்ற வேலைக்கோ போவாய். நீ போன பிறகு த்ரீவீலர் பிடித்தோம். நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்து வருகிறவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. அதில் இரண்டு பக்கமும் காற்று, மழை பெய்தால் சாரல். ஒருநாள் வாசலில் இறங்கியவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனி நா போகல ரீட்டா. போதும்."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். கோயில் சாமியாரைக்கூடக் கூட்டி வந்தேன். மனிதர் அசையவில்லை. முகம் வீங்கிப்போனது. வாசலுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. படுத்தால் முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். மூன்றாவது தடவையும் வராவிட்டால் என்ன ஆகும் என்று நர்ஸம்மா போனில் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியாததா?

வண்டி நீ நிறுத்திய இடத்திலேயே நின்றது. நாற்பதாம் நாள் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். உன் சீட் முன்னுக்கு இழுத்தபடி இருந்தது. கண்ணாடி உன் உயரத்துக்குச் சாய்ந்திருந்தது. வேறு யாராவது உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று பயந்தேன். தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் சுற்றிலும் கல் வைத்தேன். பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன், "இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி வைக்கணும் தங்கச்சி, நா செய்யட்டா?" என்று நல்ல மனதோடு கேட்டார். அவரை முறைத்து அனுப்பினேன். உனக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் வண்டியைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை எழுதிப் பயனில்லை.

அன்று மத்தியானம் குசினிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சாவி ஆணியில் தொங்கியது. "ரீட்டா, வண்டிய எடுடி" என்றாய். தெளிவாகத்தான் சொன்னாய். அத்தானும் கேட்டார். "என்னால ஏலாதுக்கா, அந்த ரோட்டுல நா எப்படி?" என்று சொல்லிவிட்டு நான் போனை எடுத்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, த்ரீவீலர் வர அரை மணி நேரம் ஆனது. பாதி வழியில் உன் தலை என் தோளில் சாய்ந்தது. நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நீயாவது சொல்லேன் அக்கா. பிழைத்திருப்பாயா?

அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நாளும் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், நான் கொடுத்த மாத்திரையைப் போட்டார், அதை மட்டும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் நிஸாம் நானாவுக்குப் போன் பண்ணினேன். உன் டயர் கடைக்காரரைத்தான் சொல்கிறேன். எல்லவிலிருந்து பஞ்சர் ஒட்ட வந்த டூரிஸ்ட் வேனைக் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டு, இரண்டு டயரையும் காற்றடிக்கும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு பதுளையிலிருந்து வந்தார். தார்ப்பாயைத் தூக்கி, குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். "டீச்சர்ட வாகனத்த இப்பிடியா வச்சீங்க?" என்றார் பிறகு.

சாவியை அழுத்தினால் கதவே திறக்கவில்லை. பெட்ரோலோடு இவ்வளவு பெரிய பேட்டரியும் இருக்கும் ஹைப்ரிட் வண்டி எப்படிச் செத்துப்போகும் என்று கேட்டேன். பெரியது ஓடுவதற்கு, அதை எழுப்பிவிடச் சின்னதாக இன்னொன்று இருக்கிறது, நிற்கிற வண்டியில் முதலில் இறங்குவது அதுதான் என்றார். வயர் கொடுத்து எழுப்பினார். டயர் நான்கிலும் காற்று இறங்கி, தரையில் பட்ட இடம் தட்டையாகிக் கிடந்தது. பின் டயர் இரண்டிலும் ஓரமெல்லாம் மெல்லிய வெடிப்பு. எச்சில் தொட்டுத் துடைத்து, அவை செய்த வாரமும் வருஷமும் இருக்கும் நான்கு இலக்கத்தைக் காட்டினார். அதை நீ முன்பே பார்த்து, மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் வைத்திருந்தாயாமே! வீட்டில் எங்களிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மட்டும் எங்களுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று விட்டுவிட்டாயா?

புது டயர் இரண்டையும் பின்னால் போட்டார். ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, நல்லதை முன்னால் போடுங்கள் என்று நான் வாதாடினேன். என் வாய் உனக்குத் தெரியும். நிஸாம் நானா நட்டை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"முன்னுக்கு வழுக்கினா நீங்க திருப்பிக்கலாம் தங்கச்சி. மழைல பின்னுக்கு வழுக்கினா அல்லாதான் திருப்போணும்."

காலையில் ஓடுவதற்கு முன்பே காற்றைப் பார்க்க வேண்டும், ஓடிச் சூடேறிய டயரில் கணக்குக் கூட்டிக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக்கூடாது என்றும் சொன்னார். அளவு ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கதவைத் திறந்தும் அதை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தான் முன்னால் போய் நின்றேன். "த்ரீவீலர் இல்ல அத்தான். அக்கா வண்டி." அவர் ஜன்னல் வழியாக வெகுநேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மாணிக்கம் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி ஏற்றினோம். முறைத்து அனுப்பிய மனிதர் கூப்பிட்டதும் வந்தார். அத்தான் சாய்ந்துகொள்ளப் பின் சீட்டில் வலது பக்கம் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் கம்பளியைக் கீழே தொங்கும்படி விரித்திருந்தேன். ஹீட்டரை முழுதாக வைத்தேன். உன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். அந்தச் சத்தத்துக்கு எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. ஏழு மணிக்கு அவருடைய மெஷின்.

பிரேக்கை மிதித்தால் துருப்பிடித்த தட்டு கர்ரென்று கத்தியது. தட்டையான டயர் தடக் தடக்கென்று அடித்தது. இரண்டும் கொஞ்ச தூரத்தில் அடங்கும் என்று நிஸாம் நானா சொல்லியிருந்தார், அடங்கவும் செய்தது. மழை பிடித்தது. ஏற்றத்தில் மூடுபனி. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தேன், எதிரே ஒன்றும் வராதபோதும் அடித்தேன். பின்னால் அத்தானின் மூச்சு கொர்ர் கொர்ரென்று கேட்டது. அது கேட்கும்வரை பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்றம் முடிவதற்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு என்னவோ எழுத்து வந்தது. மிதிக்க மிதிக்க வண்டி இழுக்கவில்லை. தேயிலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, நான்கு பக்கமும் சிக்னலைப் போட்டு, இறங்கிப் பின் டயருக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. மணி ஆறு நாற்பது. நிஸாம் நானாவுக்குப் போன் போகவில்லை, அந்த வளைவில் சிக்னல் இல்லை.

நனைந்தபடி திரும்ப வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் பேசினார். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அன்னைக்கு அவ எடுன்னு சொன்னா. நீ எடுக்கல. இன்னைக்கு எனக்கு எடுத்துக்கிட்டு வர்ற. எனக்கு எதுக்கு ரீட்டா? அவளுக்கு எடுத்திருக்கணும்."

நாற்பது நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன். பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். எனக்கு மலை ரோட்டுப் பழக்கம் இல்லை, மழை பெய்தது, மூன்று பேரும் பள்ளத்தில் போயிருப்போம். எல்லாம் நியாயம்தான்.

"ஆமா அத்தான். எடுத்திருக்கணும். பயந்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலை சரிந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. குதித்து இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். மூச்சு இருந்தது. கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது. தலையணைக்கு அடியில், கம்பளிக்குப் பின்னால், ஏதோ ஒன்று முக்கி முக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்பளியை இழுத்தேன். சீட் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்லடை. உள்ளே சின்ன ஃபேன் ஓலமிட்டது.

அக்கா, எத்தனை தடவை கத்தியிருப்பாய்! "அந்தப் பக்கம் தலகாணி வைக்காதீங்க, கம்பளிய அங்குட்டுப் போடாதீங்க" என்று குளிரில் நடுங்கும் மனிதரிடம் நீ கத்துவதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. "வண்டிக்குக் காட்டுற இரக்கத்துல கொஞ்சம் புருசனுக்கும் காட்டு" என்று ஒருநாள் உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. பெரிய பேட்டரி சூடாகாமல் இருக்க அந்த வழியாகத்தான் காற்று இழுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருப்பாய். நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஹீட்டரை அணைத்தேன். ஜன்னலை இறக்கினேன். தலையணையை எல்லாம் முன் சீட்டுக்கு எறிந்துவிட்டு, அத்தானை இடது பக்கம் நகர்த்தி, கம்பளியை அவர் உடம்போடு சேர்த்துச் சுற்றினேன். வண்டியை அணைக்காமல் நிற்கவிட்டேன். குளிர்காற்று உள்ளே வந்தது. அவர் பல் கிட்டியது. அவருக்குக் குளிரக்கூடாது, பேட்டரிக்குக் குளிர வேண்டும். இரண்டு பேரில் யாருக்கு என்று நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுவெட்டரையும் கழற்றி அவர் கழுத்தில் சுற்றினேன். பத்து நிமிஷம். ஃபேன் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. அணைத்து, மறுபடி எழுப்பினேன். மஞ்சள் விளக்கு இல்லை.

இறக்கத்தில் நீ கியரை, இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும் 'B'யில் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நானும் போட்டேன். இன்ஜின் உறுமியது, வண்டி தன் பாட்டில் அடங்கி இறங்கியது. பின்னால் வந்த பஸ் அவசரப்படுத்தியது. ஒதுங்கி வழிவிட்டேன். வழுக்கும் வளைவுகளில் பின்பக்கம் சொன்னபடி கேட்டது. நிஸாம் நானாவுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

ஏழு பத்துக்கு வாசலில் நிறுத்தினேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிய நர்ஸம்மா, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா வேற கதைங்க" என்றார்.

அந்த நான்கு மணி நேரமும் நிஸாம் நானா கடையில் இருந்தேன். நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தார். சல்லடையைக் கழற்றினார். கம்பளி நூலும் தூசியும் ஒரு பிடி வந்தது. முன் டயரில் காற்று மறுபடி குறைந்திருந்தது. வால்வுதான் கசிந்தது, மாற்றினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தான் ஜன்னலில் சாய்ந்து தூங்கினார். முகத்தில் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சனிக்கிழமைக்கு மாணிக்கம் அண்ணன ஓட்டச் சொல்லட்டா அத்தான்? அவருக்கு ரோடு பழக்கம். ஒங்களுக்கும் என் மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல."

கஞ்சியை ஆற்றி ஒரு மடக்குக் குடித்தார்.

"அவரு ஓட்டுனா நா யாரக் கோவிச்சுக்கிட்டு வர்றது?" என்றார். "நீயே ஓட்டு."

இன்று சனிக்கிழமை. போய் வந்துவிட்டோம். அவர் என்னை மன்னிக்கவில்லை அக்கா. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் கூப்பிடுவதற்கு முன்பே கிளினிக் கார்டோடு வாசலில் நின்றார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஓடும் நாளெல்லாம் விடியலில் நான்கு டயரையும் தொட்டுப் பார்ப்பேன். அந்த ரோட்டில் இனி யார் எடு என்றாலும் எடுப்பேன். அத்தானுக்கு என்மேல் இருக்கும் கோபம் சின்னக் கோபம் இல்லை. அது தீர நிறைய வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அவர் உயிரோடு இருக்க வேண்டும். அதுவரைக்கும் நான் ஓட்டுகிறேன்.

அன்றைக்கு எடுக்காத உன் தங்கச்சி,
ரீட்டா