அப்பாவின் இரண்டாவது மாத்திரை

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதறேன். அப்பா இப்ப நல்லா இருக்கார், பக்கத்து அறையில ரேடியோவோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார். இதை முதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருப்பேன்னு நம்பறேன். போன்ல சொன்னா பாதியிலேயே டிக்கெட் பார்க்க ஆரம்பிச்சிடுவே, அதான் கடிதம்.

கருங்கல் அறுத்த தூசியால அப்பா நுரையீரல்ல தழும்பு விழுந்தது உனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்துல ரத்தம் உறையாம இருக்கிற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தோம், அதே மாதிரித் தழும்பு குறைஞ்சதுன்னு நீ அவருக்கு விளக்கினே இல்லையா, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டார். உடம்புல வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி தூங்கிக்கிட்டிருக்குமாம், ரத்தத்தை உறைய வைக்கிற பொருள் போய் அதைத் தட்டி எழுப்புமாம், அது எழுந்ததும் தழும்பு போடுன்னு சுத்தி இருக்கிற செல்லுக்கெல்லாம் உத்தரவு போடுமாம், உங்க மருந்து அந்த எழுப்பறவன் கையைப் பிடிச்சுக்குதாம். கல் பட்டறைக்கு வர்றவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லார்கிட்டயும் இதையே சொல்வார். சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்த ஒரு அம்மா, ஐயா விலையைச் சொல்லுங்கன்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு.

இந்த நேரத்துல அவருக்குக் கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டி, டாக்டர் அதே ஜாதி மாத்திரையை எழுதிக் கொடுத்தாங்க. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் மனுஷனுக்கு. காலுக்கு ஒண்ணு, நுரையீரலுக்கு ஒண்ணுன்னு தானே முடிவு பண்ணி, எனக்குத் தெரியாம இரட்டிப்பா முழுங்கியிருக்கார். தலையணை உறையில ரத்தக் கறை பார்த்துக் கேட்டேன், ஈறு வீங்கியிருக்குன்னார். முழங்கையில நீலம் பூத்திருந்தது, கதவுல இடிச்சுக்கிட்டேன்னார். நானும் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் பட்டறையில கல்லோட ஓரம் உள்ளங்கையைக் கிழிச்சிடுச்சு. சின்னக் கிழிசல்தான், ஆனா துண்டு மேல துண்டா நனையுதே தவிர ரத்தம் நிக்கல. சின்ன வயசுல உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிவாரே, கல்லுக்கு மெருகு போடற மெருகுக்காரர், அவர்தான் வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போனப்போ அப்பா முகம் சுண்ணாம்பா வெளுத்திருந்தது. மருந்தை முறிக்க ஊசி போட்டு, தையல் போட்டு, ஒருவழியா ரத்தத்தை நிறுத்தினாங்க.

மாத்திரை எத்தனை போடறீங்கன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்ட பிறகுதான் உண்மை வெளியில வந்தது. அவங்க திட்டல. எலிக்குத் தழும்பு முத்தறதுக்கு முன்னாடியே கொடுத்துப் பார்க்கறாங்க, உங்களுது முத்திப் போன தழும்பு, இதே நினைப்புல மனுஷங்களுக்குக் கொடுத்த இடத்துல கெடுதலும் ஆகியிருக்குன்னு பொறுமையாச் சொன்னாங்க. அவங்க போன பிறகு, ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு நான் கேட்டேன். "பொண்ணு கண்டுபிடிச்சதை அப்பனே நம்பலைன்னா வேற யாருடி நம்புவா?"ன்னார். அப்புறம் மெதுவா, அவ வர்றப்போ மூச்சு வாங்காம அவ பெட்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும்னு நினைச்சேன்னார். அதுக்கு மேல அந்த மனுஷனை நான் எங்கே திட்டறது.

இப்ப ரத்தப் பரிசோதனை சரியா இருக்கு, மாத்திரை டப்பா என் கையில. தூசிப் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னதால மெருகுக்காரர் அவரைப் பட்டறை முன் அறையில உட்கார வச்சிருக்கார், வாங்க வர்றவங்களோட பேசறதுதான் வேலை, அதுக்கு அவருக்குச் சொல்லித் தரணுமா.

நீ இதை நினைச்சு அழுதுக்கிட்டு உட்காராதே, ஆராய்ச்சியை விட்டுடாதே, உன் மேல ஒரு தப்பும் இல்லை. அவர்கிட்ட அந்தப் பேச்சையே எடுக்காம இருந்துடாதே, ஏங்கிப் போயிடுவார். தெரிஞ்சதைச் சொல்லும்போது இன்னும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லு, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதுக்குத் தலையாட்டினாரே தவிர அரை நம்பிக்கைதான். நீ சொன்னா எதையும் நம்பிடுவார், அதனாலதான் உன்னைக் கேக்கறேன்.

எடுத்த காரியம் கைகூடி, நோய் நொடி அண்டாம நல்லா இரு கண்ணு. ஈரத் தலையோட தூங்காதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது முதல்ல அப்பாகிட்டப் பேசு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா