பதிவில் இருந்த கோது

மச்சாள்,

இன்று நம் கணினிக் கடையில் தமிழ் தட்டச்சு மென்பொருளை மறுபடி ஏற்றும்போது, திரையில் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெயர்தான்: பாஷ். உன் பெருமூச்சு பக்கத்தில் கேட்டது போல இருந்தது.

கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக்கொள்வதற்கு ஷெல் என்று பெயர். ஷெல் அடிக்குத் தப்பி ஓடி வந்தவர்கள்தான் கடைக்கு வருகிறவர்கள்; குண்டின் பெயரான அந்தச் சொல்லுக்குத் திடுக்கிடுவார்கள் என்று நீ அதைக் கோது என்றாய். கணினியில் உன் பெயருக்குப் பதிந்து கிடந்த கோது பாஷ். நீ ஆசைப்பட்டுத் திறந்து வேலை செய்ததோ வேறொன்று. மென்பொருளைக் கட்டித் தரும் கருவிக்கு அது விளங்கவில்லை. பதிவைப் பார்த்து, எல்லா அமைப்பையும் பாஷின் கோப்பில் எழுதிவிட்டு, முடிந்தது என்றது. நம் கோதில் மென்பொருளைக் கூப்பிட்டாலோ அப்படியொரு கட்டளையே இல்லை என்று வந்தது.

"எடியே, இது சென்றியில நிண்டு ஆக்களை மறிச்சுச் சோதிக்கிற ஆமிக்காரன்ட ஆள்," என்று சிரித்தாய். "இப்ப எங்க இருக்கிறம் எண்டு கேக்காது. அட்டையில என்ன கிடக்கெண்டுதான் பார்க்கும்."

என் அடையாள அட்டையில் இலங்கைத்துறை என்று இருக்கிறது. அங்கிருந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடத்தையும் விட்டு, சல்லி ஊரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அந்த ஊர்ப் பெயரைக் கண்டால் சென்றியில் என்னை ஓரமாக நிறுத்துவார்கள். எனக்கு நாக்கு எழாது. நீதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னுக்கு வருவாய்: "இவ என்ட மச்சாள். எங்கட வீட்டிலதான் இருக்கிறா. எங்கட சோறுதான் தின்னுறா, அதுவும் எவ்வளவு!" அவர்களுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். ஆனாலும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, கடைக்கார மாமிதான் என்னைச் சென்றி தாண்டிக் கொண்டுவந்து விட்டார். இன்று காலை சொன்னார்: "பிள்ளை, எனக்கு ஒவ்வொரு நாளும் ஏலாது. இண்டைக்குப் பின்னேரம் தனியப் போய்ப் பாருங்கோ. ஏலாதெண்டால் வீட்டோட நில்லுங்கோ." கடை வேலை போனால் நீ இருந்த கதிரையும் எனக்கு இல்லை.

கருவி இன்றும் அதே பிழையைத்தான் விட்டது. நீ செய்தது போல, நாம் நிற்கும் கோதின் பெயரை நானே தட்டிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் கேட்டது. "அதோட கோவிச்சு என்ன, நாங்கள்தானே சொல்லோணும்," என்பாய்.

மாலையில் சென்றியில் அட்டையை நீட்டினேன்.

"இலங்கைத்துறை?" அவன் ஓரத்தைக் கையால் காட்டினான்.

உருட்டிக்கொண்டு வந்த உன் சைக்கிளை நான் ஓரத்துக்குத் திருப்பவில்லை.

"அது பிறந்த ஊர்," என்றேன். "இப்ப சல்லியில இருக்கிறன்."